பதில் வராத பேட்ச்: போஸ்ட்கிரஸ் கமிட்ஃபெஸ்ட், ஒரு நிகழ்வு ஆய்வு

திறந்த மூலத் திட்டம் ஒன்றுக்கு யாரோ ஒருவர் தன் சொந்த நேரத்தில் நிரல் எழுதி அனுப்புகிறார். அதை யாராவது எடுத்துப் படிக்க வேண்டும், ஓட்டிப் பார்க்க வேண்டும், சேர்க்கலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓரளவு வளர்ந்துவிட்ட எந்தத் திட்டத்திலும் எழுதுகிறவர்கள் நிறைய, படித்துத் தீர்ப்புச் சொல்லக்கூடியவர்கள் கொஞ்சம். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத் திட்டம் இந்த இடைவெளியைச் சமாளிக்க 2008இல் கமிட்ஃபெஸ்ட் என்ற ஒரு முறையைக் கொண்டுவந்தது. அது நன்றாக ஓடியது, பிறகு மூச்சுத் திணறியது, இப்போது பழுதுபார்க்கப்படுகிறது. எல்லாமே பொதுவெளியில் நடந்ததால் தொடக்கம் முதல் இன்றுவரை தடம் பிடித்துப் பார்க்க முடிகிறது.

அந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகிறது. பேட்ச் ரிவ்யூவை, அதாவது இப்படி அனுப்பப்பட்ட நிரல் மாற்றத்தைப் படித்துச் சரிபார்ப்பதை, நிர்வகிப்பதில் கடினமான வேலை ‘வேண்டாம்’ என்று சொல்வது. அதிலும் சீக்கிரமாக, காரணத்தோடு சொல்வது.

முறை இல்லாத காலம்

போஸ்ட்கிரஸ் 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியது. 1996 முதல் போஸ்ட்கிரஸ்கியூஎல் என்ற இன்றைய பெயரில் உலகெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. மூல நிரலில் நேரடியாக மாற்றம் செய்யும் உரிமை உள்ளவர்களுக்குக் கமிட்டர் என்று பெயர். இன்றைக்கும் அவர்கள் சுமார் 30 பேர்தான். மற்ற எல்லோரும் தங்கள் மாற்றத்தைப் பேட்ச்சாக்கி மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்ப வேண்டும். விவாதம், திருத்தம், சண்டை, சமாதானம் எல்லாம் அங்கேதான்.

2007 வரை அனுப்பிய பேட்ச் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள ஒழுங்கான வழி இல்லை. மூத்த கமிட்டர் ஒருவர் கவனித்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் அடுத்தடுத்து வரும் மின்னஞ்சல்களுக்கு அடியில் போய்விடும். 8.3 பதிப்பில் இதன் விலை தெரிந்தது. 2007 ஏப்ரல் தொடக்கத்தோடு புதிய வசதிகளை நிறுத்திவிடுவது என்று திட்டம். பதிப்பு வெளிவந்ததோ 2008 பிப்ரவரி 4 அன்று.

தாமதத்துக்குக் காரணம் சோம்பல் இல்லை. அந்தச் சுற்றில் வந்த பேட்ச்கள் சில மிகக் கனமானவை. ஹாட் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பேட்ச் ஓர் உதாரணம். ஒரு வரிசையைத் திருத்தும்போது இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் குறியீட்டுப் பட்டியல்) உள்ள நெடுவரிசை மாறவில்லை என்றால், இண்டெக்ஸில் புதுப் பதிவு போடாமலேயே வேலையை முடிக்க அது வழி செய்தது. அடிக்கடி திருத்தப்படும் அட்டவணைகளுக்குப் பெரிய லாபம். ஆனால் தரவு வட்டில் உட்காரும் விதத்திலேயே கை வைக்கிற மாற்றம். அதை முழுதாகப் படித்து ‘இது சரி’ என்று பொறுப்பேற்கக்கூடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அது உள்ளே வந்தபோது 2007 செப்டம்பர் ஆகிவிட்டது. அதுவரை அடுத்த பதிப்புக்காக எழுதியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

எழுதுவதை நிறுத்து, படி

2008 மார்ச்சில் முதல் கமிட்ஃபெஸ்ட் நடந்தது. யோசனை எளிமையானது. ஒரு மாதம் அவரவர் வேலை. அடுத்த மாதம் சொந்த வேலையை ஓரம் வைத்துவிட்டு எல்லோரும் மற்றவர்களின் பேட்ச்களைப் படிக்க வேண்டும். மாத முடிவில் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஏதாவது ஒரு பதில் இருக்க வேண்டும். 8.4 சுற்றில் மார்ச், மே, ஜூலை, செப்டம்பர், நவம்பர் என ஐந்து நடந்தன. இன்றைய ஒழுங்கில் ஜூலையில் தொடங்கி, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச் என்று போகும். ஏப்ரல் முற்பகுதியில் புதிய வசதிகளுக்குக் கதவு மூடும்.

முதலில் ஒரு விக்கிப் பக்கம் போதுமாக இருந்தது. 2009இல் ராபர்ட் ஹாஸ் இதற்கென்றே ஒரு வலைச்செயலி எழுதினார். பின்னர் அது புதிதாகவே எழுதப்பட்டது. அதில் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரு நிலை உண்டு: ரிவ்யூ தேவை, பேட்ச் எழுதிய ஆசிரியரின் பதிலுக்காகக் காத்திருக்கிறது, கமிட்டருக்குத் தயார். முடிவு நிலைகள் தனி: சேர்க்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது, ஆசிரியரே திரும்பப் பெற்றது, கருத்துகளோடு திருப்பி அனுப்பப்பட்டது.

கடைசியாகச் சொன்ன நிலைதான் என் கண்ணில் இந்த அமைப்பின் சிறந்த பகுதி. ‘யோசனை பிடித்திருக்கிறது, இந்த வடிவில் சேர்க்க முடியாது, இவற்றைச் சரிசெய்துகொண்டு அடுத்த முறை வா’ என்பது அதன் பொருள். நிராகரிப்பின் வலி இல்லாமல் ஒரு பேட்ச்சைப் பட்டியலிலிருந்து இறக்கிவைக்க அது வழி கொடுத்தது. ஆசிரியருக்கும் அடுத்து என்ன செய்வது என்று தெரிந்தது. பின்னால் இந்த நிலையைப் பயன்படுத்தத் தயங்கியதிலிருந்துதான் சிக்கலே தொடங்குகிறது.

ஒவ்வொரு ஃபெஸ்ட்டையும் ஒரு தன்னார்வலர் மேலாளராக நின்று நடத்துவார். அவர் கமிட்டராக இருக்க வேண்டியதில்லை. யாருக்கும் உத்தரவு போடும் அதிகாரமும் அவருக்கு இல்லை. கேட்பது, நினைவூட்டுவது, நிலையை மாற்றுவது, மறந்துபோன பேட்ச்சை மேலே தூக்கிக் காட்டுவது, இவ்வளவுதான். கூடவே எழுதப்பட்ட எதிர்பார்ப்பு ஒன்றும் உண்டு: பேட்ச் அனுப்புகிறவர் ஏறக்குறைய அதே சிக்கலுள்ள இன்னொருவரின் பேட்ச்சை ரிவ்யூ செய்ய வேண்டும். மீறினால் தண்டனை ஏதும் இல்லை. பலர் மதித்தார்கள், பலர் மதிக்கவில்லை.

பெரிய பேட்ச் இரண்டு

புதிய முறைக்கு முதல் சோதனை அதே சுற்றில் வந்தது. 2008 நவம்பர் ஃபெஸ்ட் ஒரு மாதத்தில் முடியவில்லை. அடுத்த ஆண்டு வசந்தம் வரை இழுத்தது. 8.4 வெளிவந்தது 2009 ஜூலை 1 அன்று. இழுத்ததற்குக் காரணமாகச் சொல்லப்படும் பேட்ச்களில் இரண்டை எடுத்துப் பார்க்கலாம்.

முதலாவது ஹாட் ஸ்டான்ட்பை. முதன்மைச் சர்வரைப் பின்தொடரும் மாற்றுச் சர்வரிலேயே கேள்விகளை ஓட்ட வைக்கும் வசதி. பயனர்கள் ஆசையோடு காத்திருந்த ஒன்று, கடைசி ஃபெஸ்ட்டில் போய் நின்றது. தேவை பெரிது என்பதால் ‘இந்தப் பதிப்பில் இல்லை’ என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை; மாதங்கள் கடந்த பிறகுதான் தள்ளிவைத்தார்கள். 2009 டிசம்பரில் அது கமிட் ஆனது (மூல நிரலில் சேர்ந்தது), 2010 செப்டம்பரில் 9.0 பதிப்போடு வெளிவந்தது. தள்ளிவைத்தது சரியான முடிவு. அதை எடுக்க இத்தனை மாதம் ஆனது மற்ற எல்லா ஆசிரியர்களின் நேரத்தையும் தின்றது.

இரண்டாவது எஸ்இ-போஸ்ட்கிரஸ். லினக்ஸின் எஸ்இலினக்ஸ் பாதுகாப்புக் கொள்கையைத் தரவுத்தளத்துக்கு உள்ளேயும் கொண்டுவரும் முயற்சி. ஆசிரியர் பொறுமைசாலி, உழைப்பாளி, கேட்ட திருத்தத்தையெல்லாம் செய்தார். பேட்ச் மிகப் பெரிதாக இருந்தது. எஸ்இலினக்ஸும் தெரிந்து போஸ்ட்கிரஸின் உட்புறமும் தெரிந்த ரிவ்யூவர் கிடைக்கவில்லை. எத்தனை பேருக்கு இது தேவை என்றும் தெளிவில்லை. நிரல் சரியா தப்பா என்ற கேள்வியே அங்கு எழவில்லை. படிக்க ஆள் இல்லை. கடைசியில் வழி பிறந்தது வேறு விதமாக. மைய நிரலில் வெளித் தொகுதிகள் வந்து இணைய இடம் தரும் பொதுவான சில கொக்கிகளும் பாதுகாப்பு லேபிள் வசதியும் மட்டும் சேர்ந்தன. எஸ்இலினக்ஸ் சார்ந்த பகுதி தனி இணைப்புத் தொகுதியாக 2011இல் 9.1 பதிப்போடு வந்தது.

பெரிய பேட்ச்சைச் சின்னதாக வெட்டு என்று எல்லா வழிகாட்டியிலும் எழுதியிருக்கும். வெறுமனே கோப்புகளாகப் பிரிப்பது போதாது என்று இந்த வழக்கு காட்டுகிறது. எல்லோரும் புரிந்துகொள்ளக்கூடிய, தனியாகவே பயனுள்ள ஒரு துண்டை முதலில் பிரித்தெடுக்க வேண்டும். அப்போதுதான் அதற்கு ரிவ்யூவர் கிடைப்பார்.

படிக்கிறவர் என்ன செய்கிறார்

திட்டத்தின் வழிகாட்டி ரிவ்யூவைப் பல அடுக்குகளாகப் பிரிக்கிறது. பேட்ச் இன்றைய நிரல் மீது பொருந்துகிறதா, டெஸ்ட்டும் ஆவணமும் கூடவே இருக்கின்றனவா, வசதி சொன்னபடி வேலை செய்கிறதா, வேகம் குறைகிறதா, நிரல் நடை ஒத்துப்போகிறதா, முழு வடிவமைப்போடு இசைகிறதா. எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்க்க வேண்டியதில்லை. சி மொழி தெரியாதவர்கூட கம்பைல் செய்து, ஓட்டி, ஆவணத்தைப் படித்து உருப்படியான ரிவ்யூ எழுதலாம். புதியவர்கள் உள்ளே வர இது நல்ல வாசல்.

நல்ல ரிவ்யூவர் நிரலைப் படிப்பதற்கு முன்பே அதை உடைத்துப் பார்ப்பார். மதிப்பே இல்லாத நெடுவரிசையைக் கொடுத்தால் என்ன ஆகும்? அட்டவணை காலியாக இருந்தால்? பகுதிகளாகப் பிரிக்கப்பட்ட அட்டவணை என்றால்? இன்னொரு அமர்வு அதே வரிசையைப் பூட்டியிருக்கும்போது? நடுவில் சர்வர் விழுந்து எழுந்தால் தரவு சரியாக மீள்கிறதா? காப்புப் பிரதி எடுத்துத் திரும்ப ஏற்றினால் புதிய வசதியும் கூட வருகிறதா? ஆசிரியர் தன் பேட்ச்சுக்கு நல்லது நடக்கும் பாதையில்தான் பெரும்பாலும் யோசித்திருப்பார். மற்ற பாதைகளில் நடந்து பார்க்க இன்னொருவர் வேண்டும்.

இன்னொரு கேள்வியும் பட்டியலில் உண்டு: இது நமக்கு வேண்டுமா? நடைமுறையில் இது கடைசியாகப் போய்விடுகிறது. இடைவெளி சரியில்லை, மாறியின் பெயர் மாற்று, டெஸ்ட் சேர் என்று சொல்வது யாருக்கும் எளிது. ஆசிரியர் பணிவாகத் திருத்தித் திருத்தி அனுப்புகிறார். பத்தாவது வடிவம் வரும்போது மூத்தவர் ஒருவர் எட்டிப் பார்த்து, அடிப்படை யோசனையே சரியில்லை என்கிறார். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஓர் ஆசிரியருக்கு இதைவிடக் கொடுமை ஏதும் இல்லை. அந்த ஒரு வரி முதல் வாரத்தில் வந்திருந்தால் பல மாத உழைப்பு மிஞ்சியிருக்கும். மூத்தவர்களின் நேரம் குறைவு என்றால், அந்தக் குறைந்த நேரத்தைத் தொடக்கத்தில் செலவிடுவதுதான் நியாயம். முடிவில் செலவிட்டால் இரு தரப்புக்கும் நஷ்டம்.

இயந்திரத்தால் ஆகிற வேலையை மனிதரிடமிருந்து எடுத்துவிடுவது இதற்கு உதவுகிறது. ஆண்ட்ரூ டன்ஸ்டன் 2004இல் தொடங்கிய பில்ட்ஃபார்ம், கமிட் ஆன நிரலைப் பல வகைக் கணினிகளில் ஓட்டிப் பார்க்கிறது. அது கமிட்டுக்குப் பிறகு. கமிட்டுக்கு முன்பே பார்க்க, தாமஸ் மன்ரோ ஒரு பாட், அதாவது தானியங்கி நிரல், உருவாக்கினார். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பேட்ச்சையும் அது எடுத்து, இன்றைய நிரல் மீது பொருத்தி, லினக்ஸ், விண்டோஸ், மேக், ஃப்ரீபிஎஸ்டி ஆகியவற்றில் டெஸ்ட்களை ஓட்டி, முடிவைப் பட்டியலிலேயே காட்டுகிறது. பொருந்தவில்லை என்றால் ரீபேஸ் (இன்றைய நிரலுக்கு ஏற்ப மாற்றியமைப்பது) தேவை என்று தெரிந்துவிடும். இதைச் சொல்ல முன்பெல்லாம் ஒரு மனிதர் மாலைப் பொழுதைச் செலவிட வேண்டியிருந்தது.

கடைசி வாரம்

காலக்கெடு இருந்தால் கடைசி வாரத்தில் நெரிசல் இருக்கும். பெரிய புதிய பேட்ச்சை முதன்முதலாகக் கடைசி ஃபெஸ்ட்டில் கொண்டுவராதே என்று திட்டத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே பல சுற்று வந்த பேட்ச்சிலும் ஆபத்து உண்டு. வரிசை இருந்தால் திருத்தி, இல்லையென்றால் சேர்க்கும் மெர்ஜ் கட்டளை 2018 ஏப்ரலில் கதவு மூடும் நேரத்தில் கமிட் ஆனது. வடிவமைப்பின் மீது மூத்தவர்களுக்கு இருந்த ஆட்சேபம் அடங்கவில்லை. அதே மாதத்தில் திரும்ப எடுக்கப்பட்டது. கடைசியில் அது 2022 அக்டோபரில் 15ஆம் பதிப்போடு வந்தது. அதே 15ஆம் பதிப்பில் சேர்ந்திருந்த, ஜேசான் என்ற தரவு வடிவத்துக்கான வசதித் தொகுப்பு ஒன்று, வெளியீட்டுக்குச் சில வாரம் முன்பு திரும்ப எடுக்கப்பட்டுப் பின்னர் 16, 17 பதிப்புகளில் பகுதி பகுதியாக நுழைந்தது.

இப்படித் திரும்ப எடுப்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அவமானமாகப் பேசுவதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. திரும்ப எடுக்கத் துணிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இதே திட்டத்தில் பாடம் இருக்கிறது. 2013 ஜனவரியில் சேர்ந்த, வெளிச்சாவி (ஓர் அட்டவணையை இன்னொன்றோடு இணைக்கும் நெடுவரிசை) சார்ந்த பூட்டுகளை இலகுவாக்கும் பேட்ச் நல்ல நோக்கமுடையது, நீண்ட விவாதம் கண்டது. ஆனால் 9.3 வெளிவந்த பிறகு தரவையே கெடுக்கும் பிழைகள் அதில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. அடுத்த சிறு வெளியீடுகள் பலவற்றில் அதற்கான திருத்தங்கள் தொடர்ந்தன. 2016 முதல் ஒவ்வொரு பதிப்புக்கும் சிறிய வெளியீட்டு நிர்வாகக் குழு ஒன்று அமைக்கப்படுகிறது. தீராத சிக்கல்களின் பட்டியலைப் பிடித்துக்கொண்டு, தேவைப்பட்டால் ஒரு வசதியைத் திரும்ப எடுக்கச் சொல்லும் அதிகாரம் அதற்கு உண்டு. ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு ஒரு சொந்தக்காரர் கிடைத்தார்.

பட்டியல் வீங்கியது

ஃபெஸ்ட் முடியும்போது தீர்மானமாகாத பேட்ச்களை என்ன செய்வது? அடுத்ததற்கு நகர்த்தலாம். ஒரு சொடுக்கு, யாருக்கும் மனம் நோகாது. மேலாளர் தன்னார்வலர், இருநூறு ஆசிரியர்களுக்கு விளக்கம் எழுத அவருக்கு நேரமும் இல்லை, தார்மீக உரிமை இருப்பதாகவும் தோன்றாது. ஆக நகர்த்தினார்கள். அடுத்தவரும் நகர்த்தினார். காலப்போக்கில் பட்டியலில் 300க்கும் மேற்பட்ட பேட்ச்கள் நிற்பது வழக்கமாயிற்று. ‘ரிவ்யூ தேவை’ என்று நின்றவற்றுள் எதற்கு உண்மையிலேயே ரிவ்யூ தேவை, எது விவாதத்தில் சிக்கிக் கிடக்கிறது, எதை ஆசிரியரே மறந்துவிட்டார் என்று திறந்து படித்தால்தான் தெரியும்.

நேரம் ஒதுக்கி உதவ வரும் ரிவ்யூவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். நீண்ட பட்டியல். ஒன்றைத் திறந்தால் நூறு மின்னஞ்சல் கொண்ட விவாதம். பாதி படித்ததும் இது கருத்து வேறுபாட்டில் நிற்கிறது, தன்னால் ஆவது ஒன்றும் இல்லை என்று தெரிகிறது. இன்னொன்றைத் திறந்தால் அதுவும் அப்படியே. இரண்டு மாலைக்குப் பிறகு அவர் வரமாட்டார். எல்லோர் மனமும் நோகாமல் பார்த்துக்கொண்ட ஏற்பாடு, கடைசியில் படிக்க வந்தவரை விரட்டியது.

2024 மே மாதம், தொடக்கத்தில் அந்தச் செயலியை எழுதிய அதே ராபர்ட் ஹாஸ், கமிட்ஃபெஸ்ட் செயலி தன் நோக்கத்துக்கு இனி உதவவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். நீண்ட விவாதம் நடந்தது. அதன் பிறகு வந்த மாற்றங்கள் கவனிக்கத்தக்கவை. இன்னும் ரிவ்யூவுக்குத் தயாராகாத, பாட் ஓட்டிப் பார்த்தால் போதும் என்ற பேட்ச்களுக்கு வரைவுகள் என்று தனி இடம் வந்தது. பேட்ச்களுக்குக் குறிச்சொல் இட முடிந்தது. 2025 ஜூலையில் தொடங்கிய சுற்றிலிருந்து ஃபெஸ்ட்டுகளுக்குப் பதிப்பு எண்ணை ஒட்டிப் பெயர் வைக்கிறார்கள். எது எந்தப் பதிப்புக்கானது என்பது பெயரிலேயே தெரிகிறது. தேங்கியதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக நகர்த்தாமல், உயிரோடு இருக்கும் பேட்ச்சை மட்டும் முன்னே கொண்டுபோகும் திசையில் நடைமுறை மாறிவருகிறது. நகர்த்துவதில் ஆசிரியருக்கும் ஒரு பங்கு வந்தது எனக்கு மிகவும் பிடித்த மாற்றம். தன் பேட்ச் இன்னும் வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் அவர்தானே.

சில திட்டங்கள் வேறு குறுக்கு வழி எடுக்கின்றன: இத்தனை நாள் அசைவில்லை என்றால் பாட் தானாகவே மூடிவிடும். பட்டியல் சுத்தமாகத் தெரியும், சரி. ஆனால் ஆசிரியர் பதில் சொல்லிவிட்டு மாதக்கணக்கில் ரிவ்யூவருக்காகக் காத்திருந்தாலும் பாட் அவர் பேட்ச்சைத்தான் மூடும். காரணம் சொல்லாத மறுப்பு, பதிலே இல்லாததைவிடப் பெரிய முன்னேற்றம் ஒன்றும் இல்லை.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னல் இதை இன்னொரு விதமாகக் கையாள்கிறது. ஒவ்வொரு துணைப்பகுதிக்கும் பராமரிப்பாளர் யார் என்று ஒரு கோப்பிலேயே எழுதியிருக்கும். பேட்ச் அவர்கள் வழியாக மேலே ஏறும். புதியவற்றைச் சேர்க்க ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இரண்டு வாரச் சாளரம். யார் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு அங்கே பெயரோடு விடை உண்டு. பராமரிப்பாளர் சோர்ந்துவிட்டால் அந்தப் பகுதியே நின்றுவிடும் ஆபத்தும் உண்டு. போஸ்ட்கிரஸில் பகுதிவாரிப் பொறுப்பு எழுத்தில் இல்லை. எல்லோரும் எதையும் பார்க்கலாம் என்பதால் யாரும் பார்க்காமல் போவதும் நடக்கிறது.

யார் படிப்பது

தனி ஆளாக ஒரு திட்டத்தைத் தாங்குகிறவர்களுக்கு இதெல்லாம் தூரத்துச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் அவர்கள் மீதுதான் அழுத்தம் அதிகம். 2024 மார்ச்சில் அம்பலமான, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியில் ரகசியப் பின்கதவு வைத்த விவகாரத்தில், பேட்ச்கள் தாமதமாகின்றன, இன்னொருவரைப் பராமரிப்பாளராகச் சேர் என்று களைத்துப்போன ஒரே ஆளை நெருக்கியதும் தாக்குதலின் ஒரு பகுதியாக இருந்தது. அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் ஒரு போஸ்ட்கிரஸ் கமிட்டர். போஸ்ட்கிரஸின் வேகத்தை அளக்க முயன்றபோது எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, காரணத்தைத் தேடிப் போனார். ரிவ்யூ தாமதம் என்ற குற்ற உணர்வே ஒருவரை வீழ்த்தும் கருவியாகலாம் என்று அந்த விவகாரம் காட்டியது. ‘இதைப் பார்க்க எனக்கு நேரம் இல்லை, இந்த ஆண்டு சேர்க்கப் போவதில்லை’ என்று திறந்து எழுதிவிடும் உரிமை ஒற்றைப் பராமரிப்பாளருக்கு முழுதாக உண்டு. அதைக் கேட்ட ஆசிரியரும் தன் பேட்ச்சை நிரலின் தன் சொந்தப் பிரதியில் வைத்துக்கொண்டு மேலே நகரலாம்.

கமிட்ஃபெஸ்ட் இன்னும் தீர்க்காத சிக்கல் ஒன்று மிச்சம் இருக்கிறது. நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்து வசதிகளை எழுத வைக்கின்றன. மற்றவர் எழுதியதைப் படிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவர் குறைவு. எழுதியவர் பெயர் வசதியோடு ஒட்டிக்கொள்ளும். பிழையைத் தடுத்தவர் பெயர் எங்கும் ஒட்டாது, ஏனென்றால் அந்தப் பிழையை யாரும் பார்க்கவே இல்லை. போஸ்ட்கிரஸ் இதற்குச் செய்வது கொஞ்சம்தான், ஆனால் செய்கிறது: கமிட் குறிப்பில் ஆசிரியருக்குக் கீழே ரிவ்யூ செய்தவர்களின் பெயர் வருகிறது, ஒவ்வொரு பெரிய பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பின் முடிவிலும் பங்களித்தவர்களின் நீண்ட பட்டியலில் ரிவ்யூவர்களும் இடம்பெறுகிறார்கள். புதிய கமிட்டர்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒருவர் மற்றவர்களின் பேட்ச்களை எப்படிப் படித்தார் என்பதையும் பார்க்கிறார்கள். ஆள் சேர்க்கும் நிறுவனங்களும் அதே பட்டியலைத் திறந்து பார்க்கத் தொடங்கினால், படிக்கும் வேலைக்குச் சம்பள நேரத்தில் ஒரு பங்கு கேட்பது ஊழியர்களுக்குச் சுலபமாகும்.